ஷிப்ட் மாறும் வாரத்தில் கலோரிக் கணக்கு: ராத்திரி ஒன்றரை மணிச் சாப்பாடு எந்த நாளில் சேரும்?

கேள்வியின் சாரம் இது. கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்குப் போய்வருகிறீர்கள். ஆண், வயது 32, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது. எடை குறைக்கச் சாப்பாட்டை எழுதிவரும் ஆப்பில் தினமும் 1,600 கலோரிதான் காட்டுகிறது, ஆனால் 2 மாதமாக எடை அசையவில்லை. நைட் ஷிப்டில் ராத்திரி ஒன்றரைக்குச் சாப்பிடுவதை எந்தத் தேதியில் எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது சின்ன சந்தேகம் போலத் தெரிந்தாலும், எடை அசையாததற்கான காரணத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஆப் நள்ளிரவு 12 மணிக்கு ஒரு நாளின் கணக்கை முடித்துவிடும். பகலில் வேலை, ராத்திரி தூக்கம் என்று இருப்பவருக்கு அது பொருந்தும். நைட் ஷிப்ட்காரருக்கு 12 மணி என்பது நடு வேலை நேரம். அங்கே நாளை வெட்டினால் வீட்டில் சாப்பிட்டது ஒரு தேதியிலும், கேன்டீனில் சாப்பிட்டது அடுத்த தேதியிலும் விழும். ஒரு நாள் 1,300 காட்டும், மறுநாள் 2,500 காட்டும், இரண்டுமே பொய். இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. 12 மணிக்குப் பிறகு திரையில் முழு 2,000 கலோரி புதிதாக வந்து நிற்கும். தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அதைப் பார்த்தால், இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்ற நினைப்பில் கை தானாக வடைத் தட்டுக்குப் போகும்.

அதனால் தேதியை விட்டுவிடுங்கள். பெரிய தூக்கம் முடிந்து எழுந்ததிலிருந்து அடுத்த பெரிய தூக்கம் முடிந்து எழும்வரை ஒரு நாள். எந்தத் தேதியில் எழுந்தீர்களோ அந்தத் தேதியின் கீழ் எல்லாவற்றையும் எழுதுங்கள். திங்கள் மதியம் இரண்டரைக்கு எழுந்தவர் செவ்வாய் அதிகாலை ஒன்றரைக்குச் சாப்பிடுவதும், காலை ஏழரைக்கு வீட்டில் கூழ் குடிப்பதும் திங்கள் கணக்கு. பெரும்பாலான ஆப்களில் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிப் பதிவு செய்ய முடியும். 4 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம் நாளை முடிக்காது, அது குட்டித் தூக்கம். இந்த எல்லைக்கு அறிவியல் ஆதாரம் தேட வேண்டாம். குழப்பம் வராமலிருக்க நாமே போட்டுக்கொள்ளும் கோடு அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஷிப்ட் மாறும் இடத்தில் ஒரு நாள் 24 மணி நேரமாக இருக்காது. உங்கள் நைட் வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். முந்தைய வாரம் செகண்ட் ஷிப்ட். திங்கள் காலை ஏழரைக்கு எழுகிறீர்கள், மதியம் கொஞ்சம் கண் அசருகிறீர்கள், ராத்திரி 10 மணிக்கு ஷிப்ட், செவ்வாய் காலை எட்டரைக்குப் படுத்து மதியம் இரண்டரைக்கு எழுகிறீர்கள். அந்த ஒரு நாள் 31 மணி நேரம். வாரக் கடைசியில் இன்னும் நீளம். சனி மதியம் இரண்டரைக்கு எழுந்து, ராத்திரி ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை 3 மணி நேரம் மட்டும் தூங்கி, ராத்திரி 9 மணிக்குப் படுத்து, திங்கள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்காக மூன்றரைக்கு எழுகிறீர்கள். சனிக்கிழமை என்ற அந்த நாளுக்கு 37 மணி நேரம். ஞாயிறு என்ற பக்கமே காலியாக நிற்கும்.

37 மணி நேரத்தை 2,000 கலோரியில் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. ஆனாலும் பலர் அதைத்தான் முயல்கிறார்கள். முடியாமல் போனதும் கணக்கு கெட்டுவிட்டது என்று அந்த வாரத்தையே கைகழுவி விடுகிறார்கள். தினசரி எண் என்பது உண்மையில் 24 மணி நேரத்துக்கான எண். அதனால் வாரக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். திங்கள் எழுவதிலிருந்து அடுத்த திங்கள் எழுவது வரை சாப்பிட்ட மொத்தத்தைக் கூட்டி 7-ஆல் வகுக்க வேண்டும். நைட் வாரத்தில் 6 பக்கம்தான் நிரம்பியிருக்கும், ஆனாலும் வகுப்பது 7-ஆல். சில ஆப்கள் காலி நாளை விட்டுவிட்டு 6-ஆல் வகுக்கும். அப்போது 14,350 கலோரி சாப்பிட்டவருக்கு 2,050-க்குப் பதில் சுமார் 2,390 என்று காட்டிப் பயமுறுத்தும். ஆப்பின் சராசரியைப் பார்க்காமல், வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி எவ்வளவு வேண்டும் என்பது. மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் வந்தது, இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணென்றால் 5 கூட்டுங்கள், பெண்ணென்றால் 161 கழியுங்கள். உங்களுக்கு 740 + 1,050 − 160 + 5 = 1,635. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் அளவு இது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் 1.4-ஆலும், லைனில் நின்று நடந்து செய்வதென்றால் 1.5 அல்லது 1.6-ஆலும் பெருக்க வேண்டும். 1.5 போட்டால் 2,450 வருகிறது. அதில் 400 குறைத்தால் 2,050, வாரத்துக்கு 14,350.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அளவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் 2,110, மிதமான உழைப்பென்றால் 2,710 கலோரி. 55 கிலோ பெண்ணுக்கு 1,660-உம் 2,130-உம். 2,450 அந்த வீச்சுக்குள்தான் இருக்கிறது. சூத்திரம் நம் உடல்வாகுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். அதைப் பிறகு எடையை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் 1,600 சாப்பிட்டும் ஏன் இளைக்கவில்லை? நீங்கள் சாப்பிடுவது 1,600 இல்லை என்பதுதான் பதில். பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. எழுதாமல் போகும் மூன்று இடங்கள் ஷிப்ட்காரர்கள் எல்லோருக்கும் பொது.

முதலாவது எண்ணெய். ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம், ஆக லிட்டருக்கு ஏறத்தாழ 8,200 கலோரி. ஒவ்வொரு பொரியலுக்கும் எத்தனை ஸ்பூன் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் சண்டைதான் வரும். மாதக் கணக்கைப் பிடியுங்கள். 4 பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 205 கலோரி. இதைத் தினமும் 'வீட்டு எண்ணெய்' என்று ஒரே வரியாக எழுதிவிடுங்கள். குழம்பு, பொரியல் எழுதும்போது எண்ணெயைச் சேர்க்க வேண்டாம். ஸ்பூன் அளப்பதைவிட இது துல்லியமாக வரும்.

இரண்டாவது டீ. 50 மி.லி. நீலப் பாக்கெட் பாலும் 2 ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டீ சுமார் 70 கலோரி. பாலுக்கு 30, சர்க்கரைக்கு 40. ஷிப்டில் இரண்டு, பஸ் ஏறும் முன் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் 280. ஆரஞ்சுப் பாக்கெட் பால் என்றால் பாலின் கலோரி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. டீயைச் சாப்பாடாக யாரும் நினைப்பதில்லை, அதனால் எழுதுவதும் இல்லை.

மூன்றாவது லீவு நாள். மதியம் பிரியாணி, சாயந்திரம் வடை, ராத்திரி நாலு பரோட்டா. ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்று வைத்தால் 175 கலோரி. பிசையவும் சுடவும் உள்ளே போகும் எண்ணெய் 8, 10 கிராம் என்றாலும் இன்னொரு 80. ஒன்றுக்கு 250 ஆகிறது, நாலுக்கு 1,000, சால்னா தனி. அந்த ஒரு நாள் 3,500-ஐத் தொடுவது வெகு சுலபம். 2,050-ஐத் தாண்டிய 1,450-ஐ 7-ஆல் வகுத்தால் தினம் 207. நைட் வாரத்தில் ஞாயிறு பக்கம் காலியாக இருக்கும் என்று மேலே சொன்னேன். இந்தப் பிரியாணியும் பரோட்டாவும் பதிவாகாமல் தப்பித்துப் போவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

205, 280, 207 மூன்றையும் 1,600-உடன் கூட்டினால் சுமார் 2,290. எடை அசையாததற்கு இதற்கு மேல் மர்மம் எதுவும் தேவையில்லை. 'நைட் ஷிப்டால் மெட்டபாலிசம் நின்றுபோச்சு' என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 14 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. நைட் ஷிப்ட் போன்ற அட்டவணையின் 2-ஆம், 3-ஆம் நாட்களில் உடம்பு எரிக்கும் ஆற்றல் சுமார் 3 % குறைந்தது. உங்கள் 2,450-இல் அது 75 கலோரி, ஒரு டீக்குச் சமம்.

வீட்டுச் சாப்பாட்டை அளப்பதற்கு ஒரு டிஜிட்டல் தராசு போதும். 5 கிலோ வரை தாங்க வேண்டும், 1 கிராம் காட்ட வேண்டும். அளக்க வேண்டியது பச்சையாக இருக்கும்போது. வெந்த பிறகு தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது ஒவ்வொரு நாளும் மாறும்.

நம் பக்கத்துக் களியையே எடுத்துக்கொள்வோம். ராகி மாவு 250 கிராம், 100 கிராமுக்கு 320 வீதம் 800 கலோரி. அரிசி நொய் 50 கிராம், 175. மொத்தம் 975. காலிச் சட்டியின் எடையை ஒருமுறை நிறுத்து, அதைச் சுவரிலோ சட்டியின் அடியிலோ மார்க்கரில் எழுதி வையுங்கள். கிண்டி முடித்ததும் சட்டியோடு நிறுத்து அதைக் கழியுங்கள். களி 950 கிராம் இருந்தால் 100 கிராமுக்குச் சுமார் 103 கலோரி. உங்கள் உருண்டை 280 கிராம் என்றால் 290 கலோரி. வீட்டில் ஒரே கை, ஒரே கிண்ணம், ஒரே பதம் என்பதால் நாலு முறை நிறுத்தால் போதும், பிறகு உருண்டைக் கணக்கே சரியாக இருக்கும். களி இளகலாகப் போன நாளில் அதே உருண்டையில் மாவு குறைவு, கெட்டியான நாளில் கூடுதல். இதனால் வரும் வித்தியாசம் 30, 40 கலோரி, விட்டுவிடலாம்.

சோற்றிலும் இதே முறை. 100 கிராம் அரிசி 350 கலோரி, வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை, ஆக 100 கிராம் சோறு சுமார் 120 முதல் 140. ஆப்களில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'அரிசி 100 கிராம்' என்பதும் 'சோறு 100 கிராம்' என்பதும் பக்கத்து பக்கத்து வரியில் கிடக்கும். தவறானதைத் தொட்டால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று பங்கு ஏறும் அல்லது மூன்றில் ஒன்றாக இறங்கும். தேர்ந்தெடுத்த வரி 100 கிராமுக்கு 350 பக்கம் இருக்கிறதா, 130 பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: சிறுதானியம் என்றால் கலோரி குறைவு என்ற எண்ணம் தர்மபுரிப் பக்கம் இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது. சாமை 100 கிராமுக்குச் சுமார் 346, ராகி 320, அரிசி 350. கலோரியில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ராகியில் நார்ச்சத்து அதிகம், கால்சியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல், வயிறும் நேரம் தாங்கும். அதற்காகச் சாப்பிடுங்கள். சாமைச் சோறு என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும்.

கேன்டீனில் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பல கம்பெனிகளில் போனையே உள்ளே விடுவதில்லை, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் வழி உண்டு. வீட்டில் உங்கள் டிபன் பாக்ஸின் ஒரு அடுக்கில், அழுத்தாமல், விளிம்பு வரை சோறு போட்டு நிறுத்துப் பாருங்கள். சாதாரணமாக 500 மி.லி. அடுக்கில் 350 கிராம் பக்கத்தில் பிடிக்கும். கேன்டீன் தட்டில் விழும் சோறு அந்த அடுக்கில் எவ்வளவு நிரப்பும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். ஒருநாள் காலி அடுக்கையே எடுத்துப்போய் அதில் வாங்கினால் கரண்டிக் கணக்கும் தெரிந்துவிடும். கேன்டீன் மெனு வாரத்துக்கு வாரம் அதேதான் சுற்றிவரும். இரண்டு வாரம் பொறுமையாகக் கணக்கிட்டால் 15, 20 சாப்பாட்டு வகைக்கு மேல் இருக்காது. அவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ஒரு டிக், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் ஆப்பில் ஏற்றிவிடலாம். காலையில் தூங்கி எழுந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி ஞாபகத்தில் இருக்காது.

கேன்டீன் குழம்பில் எண்ணெய் எவ்வளவு என்பது தெரியாத விஷயம். சாம்பார், ரசம், மோர் என்றால் கூட்ட வேண்டாம். பொரியல், குருமா, எண்ணெய் மிதக்கும் குழம்பு எதுவானாலும் ஒரு பரிமாறலுக்கு 1 டீஸ்பூன், அதாவது 40 கலோரி கூட்டுங்கள். உளுந்து வடை ஒன்றுக்கு 130 முதல் 150. ஹாஸ்டலில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் பெண்களுக்கும் இதே வழிதான். அங்கே மெனு இன்னும் குறுகியது என்பதால் கணக்கு இன்னும் சுலபம்.

நைட் ஷிப்டுக்கு ஒரு மாதிரி நாள் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் பஸ் நேரத்தை வைத்து. இரண்டரைக்கு எழுந்து மதியம் 3 மணிக்குச் சோறு 300 கிராம், கொள்ளு கடைசல் (பச்சையாக 30 கிராம் கொள்ளு), கீரை, 100 கிராம் தயிர்: 560. ஐந்தரைக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் சுண்டலும்: 180. ஏழே முக்காலுக்கு, பஸ்ஸுக்கு முன், களி ஒரு உருண்டை, முட்டைக் குழம்பில் 2 முட்டை, அவரைக்காய்: 515. கேன்டீனில் ஒன்றரைக்கு 3 இட்லியும் சாம்பாரும், வடை இல்லாமல்: 250. 4 மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ: 35. காலை ஏழரைக்கு வீட்டில் மோர் ஊற்றிய ராகிக் கூழ் ஒரு டம்ளர், ஒரு அவித்த முட்டை: 200. எண்ணெய் 205. மொத்தம் 1,945, இன்னும் 100 பாக்கி. புரதம் 70 கிராமுக்குப் பக்கத்தில் வரும். 74 கிலோ ஆள் எடை குறைக்கும் காலத்தில் 85, 90 கிராம் இருந்தால் தசை கரையாது. அந்தக் குறையை வாரத்தில் சில நாள் 100 கிராம் கோழிக்கறி அல்லது கூடுதல் ஒரு கை கொள்ளு சரிக்கட்டும். பசித்தால் வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். 30 கிராம் 155 கலோரி. பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டால் 100 கிராம் போவதே தெரியாது.

அந்த மாதிரியில் பெரிய சாப்பாடு இரண்டும் ஷிப்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ராத்திரி உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. பகலில் சாப்பிட்ட அதே தட்டைப் பின்னிரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும். பாஸ்டனில் 19 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. நைட் ஷிப்ட் சூழலில் ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை உயர்ந்தது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு உயரவில்லை. அதற்காக லைனில் நிற்பவர் எட்டு மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மெஷின் முன் தலை சுற்றினால் விரலுக்கு ஆபத்து. ஒன்றரை மணிக்கு 200, 250 கலோரி, எண்ணெய் இல்லாமல், போதும். சோறு, பிரியாணி, பரோட்டாவை அந்த நேரத்தில் தவிர்த்தால் 3 மணிக்கு வரும் தூக்க மயக்கமும் குறையும், ஏப்பமும் நெஞ்செரிச்சலும் குறையும்.

டீயை 3 மணிக்குள் முடித்துக்கொள்வது இன்னும் நல்லது. காபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்த டீ எட்டரை மணித் தூக்கத்தைத் தின்னும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதிலும் எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் கேட்கும். சிகாகோ பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடுதலாக இருந்த 80 பேரில் தூக்கத்தை 1.2 மணி நேரம் கூட்டிக்கொண்டவர்கள், உணவைப் பற்றி எதுவும் சொல்லப்படாமலே, தினம் சுமார் 270 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போனில் அறிவிப்புகள் அணைப்பு, வாசலில் காய்கறி வண்டி வரும் பக்கம் இல்லாத அறை: இந்த மூன்றும் கலோரிக் கணக்கின் பகுதிதான். ஆப்பே பகல் 12 மணிக்கு 'மதியச் சாப்பாடு எழுதவில்லையே' என்று மணியடித்து எழுப்பும். அதை முதலில் அணையுங்கள்.

ஆப் அமைப்பில் இன்னொன்றும் மாற்ற வேண்டும். நடந்ததற்கும் வேலை செய்ததற்கும் ஆப் கலோரியைத் திருப்பித் தரும். கையில் கட்டிய பேண்ட் 400 எரித்தீர்கள் என்றால், சாப்பிடும் அளவை 400 கூட்டிவிடும். லைனில் நிற்பதற்கு ஏற்கெனவே 1.5-ஆல் பெருக்கிவிட்டீர்கள். இது அதே உழைப்புக்கு இரண்டாவது தடவை கூலி வாங்குவது. அந்த இணைப்பைத் துண்டியுங்கள். ஓ.டி. போட்டு 12 மணி நேரம் நின்ற நாளுக்குக் கூடுதலாக 150 எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மாம்பழ சீசனில், மே முதல் ஜூலை வரை, கூழ் ஆலைகளில் ராப்பகலாக ஷிப்ட் ஓடும்போது வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி. 250 கிராம் செந்தூராவில் கொட்டை, தோல் போகச் சதை 165 கிராம் இருந்தால் 100 கலோரி. அது பிரச்சினை இல்லை. பாட்டில் மாம்பழச் சாறு அப்படியில்லை. லேபிளில் 100 மி.லி.-க்கு எவ்வளவு என்பதைப் பாட்டிலின் அளவால் பெருக்கிப் பார்த்துவிட்டு வாயில் வையுங்கள்.

எடையைப் பெரிய தூக்கம் முடிந்து எழுந்ததும், கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் பாருங்கள். கடிகாரத்தில் அது எத்தனை மணியானாலும் பரவாயில்லை. ஒரு நாள் எடைக்கு மதிப்பே இல்லை. உப்பான சாப்பாடு, ராத்திரி முழுக்க நின்றதில் கால் வீக்கம், மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய் என எதுவானாலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். நைட் வாரத்தின் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் ஏறும். வாரத்தின் எடைகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள், நைட் வாரச் சராசரியை அடுத்த நைட் வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். உங்கள் சுற்று 3 வாரம் என்பதால் 3 வாரத்துக்கு ஒருமுறைதான் தீர்ப்பு. தினம் 400 குறைத்தால் வாரத்துக்கு 2,800. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று வைத்தால் வாரத்துக்கு 360 கிராம், 3 வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். அரை கிலோகூடக் குறையவில்லை என்றால், முதலில் எண்ணெய், டீ, லீவு நாள் மூன்றையும் மறுபடி சரிபாருங்கள். அவை சரியென்றால் தினசரி எண்ணில் 150 குறையுங்கள். 2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் 150 கூட்டுங்கள், வேகமாகக் குறைவதில் போவது கொழுப்பு மட்டும் இல்லை. மருத்துவர் பார்வை இல்லாமல் ஆண்கள் 1,500-க்கும் பெண்கள் 1,200-க்கும் கீழே இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இந்தக் குறைக்கும் கணக்குக்குள்ளேயே வரக்கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், மேலே சொன்ன சாப்பாட்டு நேரங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும், அதுவும் ராத்திரி ஷிப்டில் நடந்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடுவார். உங்கள் 3 வார ஷிப்ட் அட்டவணையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கலோரியைக் குறைக்கத் தொடங்குங்கள்.